நான்கு தூம்புகள்

செஞ்சியில் நான் பழகிய மனிதர்களுள், குளித்த நீரைக் கண்டே குளித்தவரின் நிலையைச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். சொல்லக்கூடியவர் என்றேனே தவிர, சொன்னார் என்று எழுதவில்லை. அறிந்ததைத் தம்மிடமே வைத்துக்கொள்வது அவருடைய இயல்பு. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணி வந்தும் எழுதாமல் இருந்தேன். அதற்குக் காரணம் சோம்பல் அன்று, அச்சம்.

அவருடைய பெயரை இங்கே குறிக்கப் போவதில்லை. அவருடைய மக்கள் வல்லத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் இன்றும் வாழ்கிறார்கள். சத்திரத்திலும் அவரை எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. யாத்திரிகர்கள் தண்ணிக்காரம்மா என்பார்கள். என்னைப் போன்றவர்கள் 'இந்தாம்மா' என்று கூப்பிட்டு, 'நீ' என்று பேசினோம். இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். இது காலம் கடந்து செலுத்தும் மரியாதை என்பதை அறிவேன்.

திருவண்ணாமலைச் சாலையில், கடைத்தெருவைத் தாண்டியதும் வலப்புறம் அந்தச் சத்திரம் இருந்தது. கடைத்தெரு வணிகக் குடும்பம் ஒன்று அறத்துக்காகக் கட்டியது. கார்த்திகைத் தீபத்துக்குத் திண்டிவனம் பக்கமிருந்தும் புதுச்சேரிப் பக்கமிருந்தும் கால்நடையாக வருவோர் செஞ்சியில் ஓர் இரவு தங்கி மறுநாள் நடப்பார்கள். அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மனைக் காணச் செல்லும் கூட்டமும் வரும். அறுபதுகளின் தொடக்கத்தில் அச்சத்திரத்தின் மேற்பார்வை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது எனக்கு முப்பது வயது நிறைந்திருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனாயினும் நூல்களைத் தேடிப் படித்து எழுதப் பழகியிருந்தேன். ஆதலால் என்னைப் பற்றி எனக்குச் சற்று உயர்ந்த எண்ணமே இருந்தது.

ஆண்கள் கிணற்றடியில் குளித்துவிடுவார்கள். பெண்களுக்காகப் பின்கட்டில் ஓட்டுக் கூரையுடன் நான்கு குளியலறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வோர் அறையின் வாசற்படிக்குக் கீழும் குளித்த நீர் வெளியேற ஒரு துளை உண்டு. அதைத் தூம்பு என்போம். நான்கு தூம்புகளின் நீரும் அறைகளுக்கு முன்னால் ஓடும் திறந்த கால்வாயில் விழுந்து வாழைக்கொல்லைக்குச் சென்றுவிடும். அக்கால்வாயின் எதிர்ப்புறத்தில், ஒரு கருங்கல் துண்டின் மேல் அவர் அமர்ந்திருப்பார். பக்கத்தில் நீர் நிறைந்த ஒரு குடம் இருக்கும். பின்னால், மதிலை ஒட்டியிருந்த இரண்டு கக்கூசுகளுக்கும் வாளியில் நீர் எடுத்துத் தருபவரும் அவரே.

ஒரு கூட்டத்தில் நாற்பது பெண்கள் வந்தால் நான்கு அறைகள் எம்மட்டு? சண்டை வராத நாளில்லை. வரிசையைத் தீர்மானிப்பதில் அவர் வைத்ததே சட்டம். காலில் கொப்புளம் கண்டவர் முதலில் போகலாம். கைக்குழந்தையோடு வந்தவர் அடுத்து. 'நாந்தான் மொதல்ல வந்தேன்' என்று உரக்கச் சொல்பவர் எல்லோருக்கும் கடைசி.

கனத்த உடலுடைய ஓர் அம்மாள் ஒருமுறை பொறுமை இழந்து கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "எம்மா நேரம் நிக்கிறது? மூணாவதுல இருக்கிறவ குளிக்கிறாளா, குடித்தனம் பண்றாளா?"

கால்வாயிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் விடை சொன்னார். "சீக்கா நொரை இன்னும் நிக்கலம்மா. நின்னுதுன்னா ரெண்டு சொம்புல வந்துடுவாங்க. அதுக்குள்ள நீ பாதத்துல இருக்கிற முள்ள எடு."

"எனக்கு முள்ளு குத்தினது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒத்தக் கால்லயே நின்னுனு என்ன மட்டும் ரெண்டு காதுலயும் திட்டறியே."

வரிசை முழுவதும் சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்தபடியே தரையில் அமர்ந்து முள்ளைத் தேடலானார். நுரை நின்றது. இரண்டு சொம்பு நீர் விழும் ஓசை கேட்டது. மூன்றாம் அறையின் கதவு திறந்தது.

அந்தக் கதவுகளுக்கு அக்காலத்தில் தாழ்ப்பாள் கிடையாது. உட்புறம் ஒரு கயிற்று வளையத்தை ஆணியில் மாட்டிக்கொள்வார்கள். வெளியே அவர் இருக்கும்போது வேறு தாழ் எதற்கு என்பதே எல்லோருடைய எண்ணமும். சற்றைக்கொருமுறை அவர் கூப்பிடுவார்: "உள்ள யாரு? கொரலு குடும்மா." உள்ளே இருப்பவர் 'இருக்கேன்' என்று சொல்லியாக வேண்டும். மௌன விரதத்தோடு நடந்து வருபவர்களும் உண்டு. அவர்களிடம், "வாய் தெறக்க வேணாந்தாயி. சொம்ப ஒருவாட்டி செவுத்துல தட்டு, போதும்" என்பார். புதிதாக மணமான பெண்கள் நாணத்தால் விடை சொல்லமாட்டார்கள். அவர் விடமாட்டார். மூன்றாம் முறையும் குரல் வரவில்லையானால் கயிறு கழலுமளவுக்குக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்துவிடுவார். இதனால் வசவும் வாங்குவார்.

"இன்னாத்துக்கு சும்மா சும்மா கத்தறே?" என்று நான் ஒருநாள் கடிந்துகொண்டேன்.

"காலைலேந்து நடந்து வந்த ஒடம்புய்யா. வெறும் வயிறு. பச்சத்தண்ணி தலைல உழுந்தா சில பேருக்கு கிறுகிறுன்னு வந்துடும். கதவ சாத்தினப்பறம் உள்ள இன்னா ஆச்சின்னு யாருக்குத் தெரியும்?"

அவர் வேதக்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சேலை மறைவில் சிறு சிலுவை ஒன்று கறுப்புக் கயிற்றில் தொங்கும். அண்ணாமலையாரைக் காணப் போகும் பெண்களுக்கு வேதக்காரி காவலா என்று ஒருவர் ஏளனமாகக் கேட்டபோது, "தண்ணி எடுத்து ஊத்தறதுக்கு எந்தக் கோயிலா இருந்தா இன்னாய்யா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கால்வாயைக் கழுவுவதற்கு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது அங்கே வந்தது ஓர் அமாவாசையில் நடந்ததை ஒட்டி என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது.

மலையனூருக்குச் சென்ற கூட்டம் ஒன்றில், ஒரு பெண்ணுக்கு வழியில் மாதவிலக்கு ஏற்பட்டது. அவள் குளித்த நீர் கால்வாயில் நிறம் மாறி ஓடியதை வரிசையில் நின்ற ஒருத்தி கண்டு கூவிவிட்டாள். கூட்டத்தை நடத்தி வந்தவர் அப்பெண்ணை அங்கேயே நிறுத்திவிட்டார். கணவன் உட்பட எல்லோரும் புறப்பட்டுப் போனார்கள். அவளுடைய மாற்றுச் சேலையிருந்த மூட்டையும் அவர்களோடு போய்விட்டது. சத்திரத்தின் வண்டிக் கொட்டகையில், சக்கரங்களுக்கு நடுவே, அவள் மூன்று நாள் முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். விலக்கானவர்களை எங்கள் சத்திரத்தில் உள்ளே அழைக்கும் வழக்கமில்லை. அழைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அவளுக்குச் சோறும், தம்முடைய சேலை ஒன்றும் கொண்டுபோய்க் கொடுத்தவர் தண்ணிக்காரம்மா ஒருவரே.

அந்த மாதத்திலிருந்துதான் குடம் அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தது. தூம்பில் சிறு நிற மாற்றம் தென்பட்டாலும் வரிசையில் நிற்போர் கண்ணுக்கு அது எட்டுமுன் எழுந்து, இயல்பாகக் கால்வாயைக் கழுவுபவர் போல ஒரு குடம் நீரை வாரி ஊற்றிவிடுவார். பிறகு நிரப்பிக்கொண்டு வந்து அமர்வார். முகத்தில் ஒன்றும் இராது. எத்தனை பெண்கள் அந்தக் குடத்து நீரால் தங்கள் கூட்டத்தோடு சென்று தாங்கள் நேர்ந்துகொண்ட சந்நிதியில் நின்றார்களோ, அறியேன். அது சரியா தவறா என்று அன்று எனக்குள் வழக்காடியதுண்டு. இன்று அந்த வழக்கு எனக்கில்லை.

கூட்டத் தலைவர்கள் அவரை வந்து கேட்பார்கள். "எங்க பொம்பளைங்கள்ல யாராச்சும் தூரமா இருக்காங்களா? ஒனக்குத் தெரியாம இருக்காது."

"தண்ணி தண்ணியாத்தான்யா போவுது" என்பார் அவர்.

நான் தனியே கேட்டேன்: "உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"கண்ணு பாத்துதுன்னா வாய் சொல்லியே தீரணுமாய்யா?" என்றார். எனக்கு அவ்விடை பிடிக்கவில்லை. சத்திரத்தில் எனக்குத் தெரியாத செய்தி ஒன்று அவருக்குத் தெரிந்திருப்பது முறையன்று என்று தோன்றியது.

இவ்வெறுப்பு பின்னர் என் வீடு வரை வந்துவிட்டது. ஒரு கோடையில் எங்கள் வீட்டுக் கிணறு வற்றவே, என் மனைவி ஒரு மாத காலம் சத்திரத்துக் குளியலறைக்கு வந்து போனாள். ஒருநாள் தண்ணிக்காரம்மா என் மனைவியின் கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, "சுக்கும் பனவெல்லமும் இருக்குதும்மா. மூணு நாளைக்கு சாப்டு. குனிஞ்சி தண்ணி சேந்தாத" என்று மட்டும் சொன்னாராம். அவளுக்கு அப்போதுதான் இரண்டு மாதக் கரு கலைந்திருந்தது. அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னது அதற்கும் ஒரு மாதம் கழித்து. சொல்லும்போது பொட்டலத்தைப் பற்றியும் சொன்னாள்.

"எனக்குத் தெரியறதுக்கு முந்தி அவளுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றேன்.

"தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருந்தாங்களே" என்றாள் என் மனைவி.

அந்தச் சொல்லின் பொருளை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கு உண்டானதெல்லாம் வெட்கமே. என் வீட்டின் மறைவான துயரம் ஒன்று, கால்வாயில் ஓடி ஒரு வேற்றாள் கண்ணில் பட்டுவிட்டது என்ற வெட்கம்.

இந்நிலையில் புதுச்சேரியிலிருந்து வந்து தங்கிய பள்ளி ஆசிரியர் ஒருவர், சத்திரத்தைக் கட்டிய குடும்பத்து முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்கள் குளிக்கும்போது வெளியே ஒருத்தி அமர்ந்து கூவிக்கொண்டும் கதவைத் தள்ளிக்கொண்டும் இருப்பது நாகரிகமன்று என்பது அக்கடிதத்தின் சாரம். முதலாளி அதை என்னிடம் தந்தார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கொல்லரிடம் சொல்லி நான்கு கதவுகளுக்கும் உட்புறம் கனத்த இரும்புத் தாழ்ப்பாள் போடச் செய்தேன். 'நீராடுவோர் உட்புறம் தாழிட்டுக்கொள்ள வேண்டப்படுகிறார்கள்' என்று ஒரு பலகையும் என் கையாலேயே எழுதி மாட்டினேன். தீபம் முடிந்ததும் கால்வாயின் மேல் கடப்பைக்கல் பரப்பி மூடிவிடுவதென்றும் முடிவு செய்திருந்தேன்.

தாழ்ப்பாள் அடிக்கும்போது அவர் வந்து நின்றார். "இது வேணாம்யா. நான் இருக்கேனே."

"நீ இருப்பதுதான் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதாம்" என்று நான் எழுத்துத் தமிழிலேயே பேசினேன். அவரிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியபோது அப்படிப் பேசுவது என் வழக்கமாக இருந்தது.

"அப்பிடின்னா வெளிய இருந்து ஒரு கம்பிய உட்டுத் தூக்கற மாதிரி சின்னதா ஒரு ஓட்டையாவது போடச் சொல்லுங்க."

"வெளியிலிருந்து திறக்கலாம் என்றால் தாழ்ப்பாள் எதற்கு?"

அவர் கொல்லரைப் பார்த்தார். கொல்லர் என்னைப் பார்த்தார். பிறகு சுத்தியல் ஓசை தொடர்ந்தது.

அவ்வாண்டுத் தீபத்துக்கு இரண்டு நாள் முன்னர், தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து முப்பது பேர் கொண்ட கூட்டம் வந்து சேர்ந்தது. மஞ்சள் துண்டு போர்த்திய முதியவர் ஒருவர் அவர்களுக்குத் தலைவர். அக்கூட்டத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தன் மாமியாரோடு வந்திருந்தாள். குழந்தை வரம் வேண்டி, தீபத்தைக் காணும்வரை பேசுவதில்லை என்று மௌனம் பூண்டிருப்பதாக மாமியார் எல்லோரிடமும் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அப்பெண்ணின் முகம் வெளுத்திருந்ததை நான் கண்டேன். மழையில் நனைந்து நடந்த களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் நான்காம் அறைக்குள் சென்று தாழிட்டாள். நான் முன்கட்டில், இலை போடும் இடத்தில் நின்றிருந்தேன். முதற்பந்தி அமர்ந்துகொண்டிருந்தது. அப்போது தண்ணிக்காரம்மா என் எதிரே வந்து நின்றார். கூட்ட நாளில் அவர் தமது கல்லை விட்டு எழுந்து முன்கட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"நாலாவது ரூம்பு கதவ ஒடைக்கணும்யா."

"என்ன ஆயிற்று?"

"கூப்ட்டேன். மொதல்ல சொம்பு சத்தம் வந்துது. அப்பறம் மெதுவா வந்துது. இப்ப இல்ல."

அவருக்குப் பின்னாலேயே தலைவரும் மாமியாரும் வந்துவிட்டார்கள். நான் பின்கட்டுக்குச் சென்று பார்த்தேன். பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கால்வாயில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் தூம்பின் கீழும் தெளிவாகவே இருந்தது. கருங்கல்லின் பக்கத்தில் குடம் வெறுமையாகச் சாய்ந்து கிடந்தது. அதைக் கண்டேன். கண்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

"ஏன் உடைக்க வேண்டும்? காரணம் சொல்" என்றேன்.

அவர் தலைவரைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தார். பிறகு, "ஒடைக்கணும்யா, ஏன்னு கேக்காதீங்க" என்றார்.

தலைவர் குறுக்கிட்டார். "பொம்பள குளிக்கிற எடம். இத்தினி ஆம்பளைங்க இருக்கறச்சே கதவ ஒடைக்கிறதா? அதுவும் மௌனத்துல இருக்கிற பொண்ணு. பதறிக் கத்திட்டான்னா இத்தினி நாள் விரதமும் போச்சி."

மாமியாரும் சேர்ந்துகொண்டார். "அவ எப்பவும் அப்பிடித்தாங்க. தண்ணியக் கண்டா ஊறிக்கினே கெடப்பா. நைனா ஊட்டுல வளத்த லச்சணம் அது."

கதவருகே நின்று நானும் ஒருமுறை கூப்பிட்டேன். விடையில்லை. மௌனத்தில் இருப்பவரிடமிருந்து விடை வராதிருப்பது இயல்பே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பந்தியில் சாம்பார் கேட்டுக் குரல் வந்தது. திரும்பினேன்.

அவர் என் முன்னால் வந்து வழியை மறித்தார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை. தாழ்ந்த குரலில், எனக்கு மட்டும் கேட்குமாறு சொன்னார். "ஐயா, உங்க வூட்டம்மாவ நெனச்சிக்கினு ஒடைங்க."

இந்த இடத்தை நான் ஆயிரம் முறை என் மனத்தில் திரும்பப் பார்த்திருக்கிறேன். அச்சொல் எனக்குப் புரியவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். ஒரு கணம் எனக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் கோபம் வந்தது. என் மனைவியின் துயரத்தை, அந்நியர்கள் நடுவில், ஒரு வேலைக்காரி தன் வாயால் எடுத்தாளே என்ற கோபம்.

"உன் எல்லையில் நில்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குச் சென்றேன்.

ஒரு பந்திக்குப் பரிமாறி, மோர் ஊற்றும் நேரம் சென்றிருக்கும். பின்கட்டிலிருந்து மரம் பிளக்கும் ஓசை கேட்டது. ஓடினேன். வாழைக்கொல்லையில் கிடந்த கடப்பாரையை எடுத்து வந்து அவரே கதவைப் பெயர்த்திருந்தார். பெண்கள் இருவரைக் கூப்பிட்டு ஒரு சேலையைத் திரையாகப் பிடிக்கச் செய்திருந்தார். திரைக்கு அப்பாலிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது. "கண்ணு தெற தாயி. கொரலு குடு. விரதம் போனா போவுது, ஒரு கொரலு குடு."

குரல் வரவில்லை. ஆனால் மூச்சு இருந்தது. மாட்டு வண்டியில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அப்பெண்ணுக்கு மூன்று மாதக் கரு கலைந்து இரத்தம் நில்லாமல் போயிருந்தது. வரம் வேண்டி நடந்தவளுக்கு அவ்வரம் முன்பே கிடைத்திருந்ததை அவளும் அறிந்திருக்கவில்லை போலும். மறுநாள் பொழுது விடியுமுன் அவள் இறந்துபோனாள். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்" என்று மருத்துவர் சொன்னார். மாமியாரிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளி சத்திரத்துக்கு வந்து விசாரித்தார். தலைவரும் அதற்கெனத் திருவண்ணாமலையிலிருந்து திரும்பி வந்திருந்தார். அவர் சொன்னது இதுவே: "தூம்புல ரத்தம் போனத இந்தம்மா பாத்திருக்குது. பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லல. குடத்துத் தண்ணிய ஊத்தி மறைச்சிட்டுது. வரிசைல நின்ன எங்க பொம்பள ஒருத்தி பாத்திருக்கா. ரெண்டு கொடம்."

முதலாளி அவரிடம் கேட்டார். "பாத்தியா?"

"பாத்தேங்க."

"ஊத்தினியா?"

"ஊத்தினேங்க. மொதல்ல எப்பவும் வர்றதுன்னு நெனச்சேன். ரெண்டாவது கொடம் ஊத்தக்கொள்ளதான் தெரிஞ்சிது."

"தெரிஞ்சதும் ஏன் சொல்லல?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஒங்ககிட்டயாவது சொல்லிச்சா?"

அப்போது அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கெஞ்சும் பார்வை அன்று, குற்றம் சாட்டும் பார்வையும் அன்று. தூம்பைப் பார்க்கும் அதே பார்வை. என்ன வரப்போகிறது என்று காத்திருக்கும் பார்வை.

"காரணம் எதுவும் சொல்லவில்லை" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த வாக்கியத்தை நான் கவனமாக அமைத்திருந்தேன். கதவை உடைக்கச் சொன்னாரா என்று முதலாளி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணிக்காரம்மாவும் சொல்லவில்லை. தாழ்ப்பாளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கணக்குத் தீர்த்து அவரை அனுப்பிவிடுமாறு முதலாளி உத்தரவிட்டார்.

அன்று மாலை அவர் குடத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் கருங்கல்லின் மேல் கவிழ்த்து வைத்தார். அது சத்திரத்துக் குடம். பிறகு என்னிடம் வந்தார். நான் ஏதோ எழுதுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"மொத தூம்புல வாழ வேரு ஏறுதுய்யா. அப்பப்ப குத்தி எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா தண்ணி உள்ளயே நின்னுடும்" என்றார். அவ்வளவுதான். மழை விட்டிருந்தது. மலைமேல் கோட்டைச் சுவர் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது. அவர் வல்லம் சாலையில் நடந்து போனார்.

தை மாதத்தில் நான்கு கதவுகளிலும், வெளியிலிருந்து கம்பி நுழைத்துத் தாழை உயர்த்துவதற்கு ஒரு துளை போடச் செய்தேன். நல்ல யோசனை என்று முதலாளி பாராட்டினார். யாருடைய யோசனை என்று அவர் கேட்கவில்லை. இம்முறையும் கேட்காததற்கு நான் விடை சொல்லவில்லை. கால்வாயைக் கல்லால் மூடும் திட்டத்தை மட்டும் கைவிட்டேன்.

என் மனைவி அதன்பின் சத்திரத்துப் பேச்சை என்னிடம் எடுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு கார்த்திகையிலும், "அந்தம்மா எப்பிடி இருக்குதோ" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின், ஓர் அறுவடைக் காலத்தில், அவருடைய ஊரைத் தேடிச் சென்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற உறுதியோடுதான் சென்றேன். வாக்கியங்களை வழியெல்லாம் மனத்துக்குள் அமைத்துக்கொண்டும் சென்றேன்.

வீட்டுக்கு வெளியே, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதன் நடுவே அமர்ந்து, கோழிகளை விரட்ட ஒரு கழியை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்கய்யா. வூட்டம்மா நல்லாருக்காங்களா?" என்று முதலில் அவளைத்தான் விசாரித்தார். பிறகு சத்திரத்தின் முதல் தூம்பைக் கேட்டார்.

அவருடைய மகன் வயலிலிருந்து வந்தான். முப்பது வயதிருக்கும். நான் யாரென்று அறிந்ததும் அவன் முகம் இறுகியது. "சத்தரத்துலேந்து எங்கம்மாவ ஏன் நிறுத்தினீங்க? ஊருல ஒருத்தன் ஒருவிதமா பேசறான். அம்மாவக் கேட்டா வாயே தெறக்கல. நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் அமைத்து வைத்திருந்த வாக்கியங்களைத் தேடினேன். முதல் வாக்கியம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"யாரு நிறுத்தினா? எனக்குக் கண்ணு மங்கிப் போச்சின்னு நாந்தாண்டா நின்னுட்டேன். ஐயா இருக்கச் சொன்னாரு. நாந்தான் கேக்கல. போயி டீத்தண்ணி வைக்கச் சொல்லு."

அவன் நம்பியும் நம்பாமலும் உள்ளே சென்றான். அவர் என்னைப் பார்க்காமல், கழியை எடுத்துக் கோழியை விரட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை. கால்வாயில் குடத்தைக் கவிழ்த்துவிட்டு மீண்டும் வந்து அமரும்போது அவருக்கு இருந்த அதே முகம். இம்முறை எனக்காகவும் ஒரு குடம் ஊற்றியிருந்தார். நான் தேநீரைக் குடித்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் பேருந்து ஏறி வந்தேன்.

அவர் மறைந்து நெடுங்காலமாகிறது. முதலாளியும் இல்லை. சத்திரம் இருந்த இடத்தில் இன்று கடைகள் இருக்கின்றன. அன்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குரிய விடையைப் பெற்றுக்கொள்ள எவரும் மிச்சமில்லை. ஆயினும் அவருடைய மகன் இருக்கிறான். இதை அவன் படிப்பான், அல்லது எவரேனும் படித்துக் காட்டுவார்கள்.

தம்பி, உன் தாயார் என்னிடம் சொன்னார். கதவை உடைக்கச் சொல்லி மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை எதற்காக என்பதும் எனக்குப் புரிந்தது.